நான்கு புள்ளி இரண்டு

மார்ச் 4, செவ்வாய்

மருந்துக் குளிர் அறைக்குப் புதுக் கணினி வந்துவிட்டது. பழையது பதினோரு வருடம் உழைத்தது. அதை நகர்த்தியபோது அடியில் ஒரு கைப்பிடித் தூசியும் இரண்டு பேனா மூடிகளும் கிடைத்தன. உள்ளிருக்கும் சென்சரிடம் வெப்பநிலை கேட்டுப் பதியும் என் ஸ்கிரிப்ட்டைப் புதியதில் ஏற்றினேன். ஒரு வரிகூட மாற்றவில்லை, முதல் முறையே ஓடியது. வழக்கமாக இப்படி ஓடினால் எனக்குச் சந்தேகம் வரும். இன்று சந்தோஷம்தான் வந்தது.

கதவுக்கு வெளியே, நடைபாதைச் சுவரில் பெரிய திரை. அதில் உள்ளே இருக்கும் வெப்பநிலை. 4.3. சற்று நேரத்தில் 4.5. மறுபடி 4.3. மருந்து ஸ்டோருக்கு வருகிற எல்லோரும் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

குளிர் அறையைப் பார்த்துக்கொள்பவரை இங்கே எல்லோரும் கோட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வெயில் கொளுத்தும் நாளிலும் தடித்த கோட்டோடு நடமாடுபவர் இந்த மருத்துவமனையில் அவர் ஒருவர்தான். மணிக்கு ஒரு தடவை உள்ளே போய்ச் சுவர் வெப்பமானியின் டயலைப் பார்த்து, வெளியே வந்து பதிவேட்டில் எழுத வேண்டும். முழங்கால் வலிக்காரர், குளிர் ஆகாது. “இனிமே டயலுக்காக உள்ள போகாதீங்கண்ணா. திரையில வர்றத எழுதினா போதும்” என்றேன்.

“நிஜமாவா கம்ப்யூட்டரம்மா?”

நிஜமாத்தான் என்றேன்.

மதியம் வழக்கம்போல் சாப்பாட்டு டப்பாவோடு என் அறைக்கு வந்தார். மாடிப்படிக்கு அடியில், சலவைப் பிரிவுக்குப் பக்கத்தில் இருக்கிற இந்த அறைக்கு யாரும் வேலை இல்லாமல் வருவதில்லை. அவர் வருவது இங்கே ஓடும் சர்வர் கணினியின் வெந்நீராவி மாதிரியான காற்றுக்காக. முதுகை அதற்குக் காட்டி உட்கார்ந்து, செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போடுவார். ‘பிடிவாதம்’, நாலெழுத்து, ‘மு’வில் தொடக்கம். எனக்குத் தெரியவில்லை. அரை மணி கழித்து அவரே சொன்னார்: முரண்டு.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா பேசினாள். நாலு நிமிடம். சின்னவனுக்குப் பல் முளைத்தது, பெரியவளுக்குக் கண்ணாடி. “நீ எப்படி இருக்க?” நல்லா இருக்கேன். வேறென்ன சொல்வது? விவாகரத்துக்குப் பிறகு ஆறு வருடமாக இந்த மேல்மாடி அறையில் ‘நல்லா இருக்கேன்’.

மார்ச் 12, புதன்

கோட்டுக்காரர் உள்தொலைபேசியில் கூப்பிட்டார். காலையிலிருந்து எண் அசையவே இல்லையாம், தூங்குகிறதாம். போனேன். 4.6. பிறகு 4.5. நன்றாகத்தான் இருந்தது.

“உங்களப் பாத்ததும் முழிச்சுக்கிச்சு” என்றார். சிரித்தோம். கணினியை ஒரு முறை அணைத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

மார்ச் 15, சனி

தலைக்குக் குளித்தேன். துணி துவைத்தேன். யாரோடும் பேசவில்லை என்பது சாயங்காலம் கடையில் “ஒரு பாக்கெட்” என்று வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது. குரல் கட்டியிருந்தது.

மார்ச் 20, வியாழன்

நேற்று மாலை ஐந்து மணிக்குக் குளிர் அறை அலாரம் அடித்திருக்கிறது. 13.4. காவலாளி ஓடிப்போய்த் திறந்தபோது உள்ளே வழக்கமான சில்லிப்பே இல்லையாம். தடுப்பூசி, இன்சுலின் – எண்ணூற்றுச் சொச்சம் குப்பிகள். அத்தனையும் சிவப்புப் பைகளில் கட்டி வராந்தாவில் வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை குழந்தைகளுக்கு ஊசி போடுவதாக இருந்தது, ரத்து.

கோட்டுக்காரர் நாலரைக்குப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்தபோது கம்ப்ரஸர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்படியென்றால் கதவு. பூட்டு விழுந்தும் தாழ் சரியாகப் பதியாமல் இடைவெளி விட்டிருக்கும் என்கிறார்கள். காவலாளிக்கு இழுத்த வேகத்தில் எதுவும் ஞாபகம் இல்லை.

மதியம் வந்தார். டப்பாவைத் திறக்கவில்லை. “சாத்தினேன்மா. இழுத்தும் பாத்தேன்” என்றார். நான் தலையை ஆட்டினேன். நம்பினேனா? நம்புவது மாதிரிதான் ஆட்டினேன்.

மார்ச் 21, வெள்ளி

விசாரணை. தலைமை மருந்தாளர் மேடம், நிர்வாகத்திலிருந்து இரண்டு பேர், கோட்டுக்காரர், நான். கணினி நிமிடத்துக்கு நிமிடம் பதிந்துவைக்கும் லாக்கிலிருந்து மணிவாரி அட்டவணை ஒன்றை அச்செடுத்துக் கொண்டுபோனேன். பன்னிரண்டு மணி 4.4. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு – எல்லாம் 4.2. ஐந்து மணி 13.4. அவர் இருந்தவரை குளிர்ச்சி, போனபின் சூடு. குழந்தைக்கும் புரியும்.

இந்த எண்கள் தவறாக இருக்க வாய்ப்பு உண்டா என்று மேடம் கேட்டார்.

“இல்ல மேடம். சென்சர் பேசலேன்னா பிழைன்னு வரும். லாக் பொய் சொல்லாது.”

இவ்வளவு உறுதியாக என் வாழ்க்கையில் வேறெதைப் பற்றியாவது பேசியிருக்கிறேனா?

பிறகு அவருடைய பதிவேட்டைப் பார்த்தார்கள். டயலைப் பார்த்து எழுதினீர்களா என்று கேட்டதற்கு, திரையைப் பார்த்து எழுதியதாகச் சொன்னார். புதன் பிற்பகல் மருந்து விநியோகம் இல்லை, உள்ளே போகவே இல்லை.

“அப்படி எழுதச் சொல்லி உங்களுக்கு யார் சொன்னது?”

கோட்டுக்காரர் என்னைப் பார்த்தார். ஒரு நொடி. பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டு, “யாரும் சொல்லல. நானாத்தான்” என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

அறிக்கை முடியும்வரை அவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். ஸ்டோரிலிருந்து வேறொருவரைப் போட்டிருக்கிறார்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, திரையை முறைத்துக்கொண்டு நிற்கிறார்.

மார்ச் 25, செவ்வாய்

இந்த சர்வர் எப்போதுமே இவ்வளவு சத்தம் போடுமா?

மார்ச் 30, ஞாயிறு

அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை. அவள் வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள். மூன்று நிமிடம்.

ஏப்ரல் 2, புதன்

மேடம் அறிக்கையில் சேர்க்க ஒரு வரைபடம் கேட்டார். ‘பாக்கறவங்களுக்கு டக்குன்னு புரியற மாதிரி.’ மணிவாரி எண்கள் ஆறே ஆறு புள்ளியாக இருக்க, படம் பரிதாபமாக இருந்தது. சரி, அழகாக வரட்டும் என்று நிமிடவாரி லாக்கை எடுத்து வரைந்தேன்.

ஒரு மணிவரை கோடு பல்வரிசை மாதிரி ஏறி இறங்கியது. கம்ப்ரஸர் ஓட, நிற்க, ஓட. ஒரு மணிக்கு மேல் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரே கோடு. 4.2, 4.2, 4.2. இருநூற்று நாற்பது நிமிடம். அப்புறம் 4:59க்கு 4.2. 5:00க்கு 13.4.

ஒரு நிமிடத்தில் ஒன்பது டிகிரியா? அந்த அறையைக் கொளுத்தினால்கூட ஏறாது.

இதை நான் அன்றைக்கே பார்த்திருக்கலாம். லாக் என் கணினியில்தான் இருந்தது. பார்க்கவில்லை. அட்டவணை போதும் என்று எனக்குத் தோன்றியது. எனக்கு.

வரைபடம் நாளை தருகிறேன் என்று மேடத்திடம் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

யோசித்து எழுதிப் பார்க்கிறேன். என் ஸ்கிரிப்ட்டால் சென்சரை நேராகத் தொட முடியாது. கணினியின் ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்க வேண்டும்: இந்தக் கருவியைத் திறந்து கொடு. அது திறந்துவிட்டு ஒரு எண்ணைத் தரும், டோக்கன் மாதிரி. அதற்குப்பின் ஒவ்வொரு நிமிடமும் அந்த டோக்கனைக் காட்டி, வெப்பநிலையை இந்தப் பெட்டியில் போடு என்று கேட்க வேண்டும். நான்கு மணிக்கு ஒரு தடவை மூடிவிட்டு மறுபடி திறக்கும்படி நானே எழுதியிருக்கிறேன், பழைய சென்சர் அடிக்கடி மயங்கி விழுந்ததால். காலை ஒன்பது, மதியம் ஒன்று, மாலை ஐந்து.

ஒரு மணி. ஐந்து மணி. கோடு படுத்ததும் எழுந்ததும் அதே நேரங்கள்.

என் கணினியில் உபரி சென்சரைச் செருகி ஐநூறு தடவை திறந்து மூடினேன். ஒரு பிழைகூட இல்லை. ஒழுக்கமான பிள்ளை மாதிரி பதில் சொல்கிறது.

ஏப்ரல் 5, சனி

அதே வகைப் புதுக் கணினி இன்னொன்று வரவேற்பு மேசையில் இருக்கிறது. சனி பிற்பகல் அங்கே யாரும் இல்லை. காவலாளியிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஆயிரம் தடவை திறந்து மூட விட்டேன். விரல்களுக்கு நடுவே சென்சரைப் பிடித்துக்கொண்டேன், சூட்டில் எண் ஏற வேண்டும். ஏறியது, ஏறியது, நின்றது. நான் கையை எடுத்த பின்னும் அதே எண். ஆயிரத்தில் முப்பத்தொரு தடவை இப்படி உறைந்தது.

என்ன பிழை என்று சிஸ்டத்திடம் கேட்டேன். பதில்: “பிழை 0. செயல் வெற்றிகரமாக முடிந்தது.”

வரவேற்பு ஹாலில் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். காவலாளி எட்டிப் பார்த்தார்.

ஏப்ரல் 7, திங்கள்

பிழையைக் கேட்பதிலேயே பிழை. சிஸ்டம் மறுத்த மறுகணமே காரணத்தைக் கேட்க வேண்டுமாம். நடுவில் ஸ்கிரிப்ட் தனக்காக வேறெதையாவது செய்துகொண்டால், அந்த வேறெதன் முடிவுதான் பதிலாக வரும். ஆவணத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது. திருத்திக் கேட்டேன். இப்போது உண்மையைச் சொல்கிறது: பிழை 6. இந்த டோக்கன் செல்லாது.

செல்லாதா? அது கொடுத்த டோக்கன்தானே?

ஏப்ரல் 8, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்.

டோக்கன்களை வரிசையாக அச்சிட்டுப் பார்த்தேன். நல்லவை எல்லாம் சின்ன எண்கள். உறைந்தவற்றில் பாதிக்குமேல் கழித்தல் குறியோடு. கழித்தல் குறியோடு ஒரு டோக்கனா! பழைய சிஸ்டம் குட்டி எண்களாகத்தான் தந்தது. புதியது சில நேரம் அதைப்போல இரண்டு மடங்கு நீளத்தில் தருகிறது. எவ்வளவு நீளம் வரும் என்று நான் ஸ்கிரிப்ட்டுக்குச் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் அது குட்டி என்றே எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வெட்டிப் போட்டுவிடுகிறது. வெட்டிய டோக்கனைக் காட்டினால் சிஸ்டம் மறுக்கிறது. பெட்டியில் எதையும் போடுவதில்லை. பெட்டியில் பழைய எண் அப்படியே கிடக்கிறது. நான் அதை எடுத்துத் திரையில் காட்டுகிறேன்.

4.2.

நீளத்தைச் சொல்லாமல் விட்டது யாருக்கும் நேரக்கூடியது. ஆனால் பதில் வந்ததா இல்லையா என்று பார்க்காமல் பெட்டியைத் திறந்து காட்டினேனே, அது? ஒரே ஒரு வரி. ‘வந்ததா?’ என்று ஒரு வரி. எழுதவில்லை. ‘சென்சர் பேசலேன்னா பிழைன்னு வரும்’ என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன். வராது. வர வைக்கும் வரியே என்னிடம் இல்லை.

பன்னிரண்டாம் தேதி அவர் கூப்பிட்டுச் சொன்னாரே, தூங்குது என்று.

ஏப்ரல் 9, புதன்

இரண்டு வரியும் சேர்த்தாகிவிட்டது. குளிர் அறைக் கணினியிலும் மாற்றிவிட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இந்தக் கட்டடத்தில் என் ஸ்கிரிப்ட்டைப் படிக்கத் தெரிந்தவர் என்னைத் தவிர யாரும் கிடையாது. நான் சொல்லாவிட்டால் இது நடக்கவே இல்லை.

ஏப்ரல் 10, வியாழன்

எலெக்ட்ரீஷியனிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். அந்தக் கம்ப்ரஸர் சூடானால் தானாக நிற்குமாம், ஆறினால் தானாக ஓடுமாம். அவர் நோட்டில் பத்தொன்பதாம் தேதி இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் மின்சார அளவு வழக்கத்தைவிடக் குறைவு. “யாரும் கேக்கல, நான் சொல்லல” என்றார்.

ஆக, மதியமே நின்றுவிட்டது. கதவு சாத்தித்தான் இருந்தது. நல்லவேளை வெளியே அப்படியொன்றும் வெயில் இல்லை, இல்லாவிட்டால் இன்னும் ஏறியிருக்கும். என்ன நல்லவேளை. எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

மேடம் அறைவரை போனேன். ஆள் இருந்தார். கதவும் திறந்திருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

அக்காவின் அழைப்பு. நல்லா இருக்கேன் என்று தொடங்கினேன், முடிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன் – டோக்கன், பெட்டி, 4.2, விசாரணையில் வாயைத் திறக்காதது. அவளுக்கு டோக்கன் புரிந்திருக்காது. ஆனால் குறுக்கே பேசவில்லை. பின்னால் யாரோ அம்மா அம்மா என்று கூப்பிட்டார்கள், இரு என்று அதட்டினாள்.

வேலை போயிடுமோன்னு பயமா இருக்கு என்றேன். போனா போகட்டும் என்று சொல்வாள் என்று நினைத்தேன்.

“அவர் வீட்டுக்குப் போனியா?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

“மூணு வாரமா?”

நாற்பத்தொரு நிமிடம் பேசியிருக்கிறோம். போன் காட்டியது.

ஏப்ரல் 15, செவ்வாய்

மேடத்திடம் சொல்லிவிட்டேன். வரைபடத்தை மேஜையில் வைத்து, படுத்துக் கிடக்கும் கோட்டில் விரல் வைத்துக் காட்டினேன். திரையைப் பார்த்து எழுதச் சொன்னதும் நான்தான் என்றேன். அதைச் சொல்வது வரைபடத்தைக் காட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மேடம் கெட்டவர் இல்லை. களைத்தவர். அறிக்கை மேலே போய்விட்டது என்றார். கோட்டுக்காரரை ஒரு மாதத்தில் வேறு பிரிவில் சத்தமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம், யாருக்கும் பாதகம் இல்லை என்றார். “உங்களுக்கும்தான் சொல்றேன். இது உங்க பேர்ல வரும்.”

என் பேர்லதான் மேடம் வரணும் என்றேன். குரல் கீச்சென்று வந்தது. வீரவசனம் பேசக்கூட ஒரு குரல் வேண்டும்.

எழுத்தில் கொடுங்கள் என்றார். கொடுத்துவிட்டேன். இரண்டு பக்கம். மூன்று இடத்தில் ‘என் தவறு’ என்று வருகிறது. ஒன்றை அடிக்கலாமா என்று பார்த்தேன், எதை அடிப்பது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

வேலை முடிந்ததும் கோட்டுக்காரர் வீட்டுக்குப் போனேன். முகவரியை ஸ்டோரில் கேட்டு வாங்கினேன். நான்கு வருடம் ஒரே அறையில் சாப்பிட்டிருக்கிறோம், வீடு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது.

அடுக்குமாடியில் இரண்டாவது தளம். கதவைத் திறந்தது அவர் மனைவி. யாரென்று சொன்னதும் முகம் இறுகியது, ஆனாலும் உட்காரச் சொன்னார். அவர் உள்ளேயிருந்து வந்தார். கோட்டு இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே இல்லை. இவ்வளவு ஒல்லியா இந்த மனிதர்?

தண்ணீர் கொண்டுவந்து வைத்தபடி மனைவிதான் பேசினார். எங்கே கிளம்பினாலும் நாலு தடவை திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறாராம். ஒரு நாள் பஸ் ஏறி இரண்டு நிறுத்தம் போனவர், இறங்கி நடந்தே வந்திருக்கிறார், கதவைப் பார்க்க. இப்போதெல்லாம் வெளியே போவதே இல்லை.

“இழுத்துப் பாத்தது எனக்கு ஞாபகம் இருக்கும்மா” என்றார் அவர். “கையில அந்தக் கைப்பிடி சில்லுன்னு இருந்தது வரைக்கும் ஞாபகம் இருக்கு. ஆனா எல்லாரும் இல்லேன்னதும், அது அன்னைக்கு இழுத்ததா, முந்தின நாள் இழுத்ததான்னு… என் கை மேலயே எனக்கு சந்தேகம் வந்துடுச்சு.”

அதற்குமேல் காத்திருக்க முடியவில்லை. “நீங்க சாத்தினீங்கண்ணா. கதவு சாத்தித்தான் இருந்துச்சு. மதியம் ரெண்டு மணிக்கு முன்னாலயே மெஷின் நின்னுடுச்சு. என் புரோகிராம்தான் பழைய எண்ணையே காட்டிட்டு இருந்துச்சு. தப்பு என்னோடது.”

அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டார். அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

“இவகிட்டயும் ஒரு தடவை சொல்லுங்க. கதவு சாத்தி இருந்துச்சுன்னு.”

சொன்னேன். அந்த அம்மாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவர் கேட்டார், குரலை உயர்த்தாமல்: “அன்னைக்கு லாக்கைப் பாத்தீங்க. பதிவேட்டைப் பாத்தீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா. தெனமும் எதிர்லதானே உக்காந்திருந்தேன்.”

“கேக்கல” என்றேன்.

பரவாயில்லை என்று சொல்வார் என எதிர்பார்த்திருக்கிறேன் போல. சொல்லவில்லை. வாசல்வரை வந்தார். நான் படியில் இறங்கும்போது பின்னால் தாழ்ப்பாள் விழும் சத்தம். நின்று கேட்டேன். மறுபடி திறக்கவில்லை, இழுக்கவில்லை. ஒரே ஒரு சத்தம்தான்.

தெருவுக்கு வந்த பிறகுதான் அழுகை வந்தது. முட்டாள்தனமா பஸ் ஸ்டாப்ல நின்னு அழுதுட்டு வந்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

முடிவு வந்தது. கோட்டுக்காரர் மேல் குற்றமில்லை என்று எழுத்தில். அவர் பழைய இடத்துக்கே வரலாம். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். கூடவே, இனி என் ஸ்கிரிப்ட் எதுவானாலும் வெளியிலிருந்து வரும் பொறியாளர் ஒருவர் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஓட வேண்டும். வேலை தப்பித்தது. ஏன் என்று கேட்கவில்லை. வேறு ஆள் கிடைத்திருக்காது.

ஏப்ரல் 29, செவ்வாய்

வந்துவிட்டார். வராந்தாவில் எதிரே பார்த்தேன். வணக்கம் சொன்னார். மேடத்துக்குச் சொல்வது மாதிரி.

மதியம் வரவில்லை. சலவைப் பிரிவு ஆட்களோடு பின்பக்கத் திண்டில் உட்கார்ந்து சாப்பிட்டதாகக் கேள்வி. அங்கே வெயில் நன்றாக விழும்.

மே 2, வெள்ளி

பொறியாளராக ஒரு பெண் வந்தாள். என்னைவிடப் பத்து வயது சிறியவள், எதையும் முகத்துக்கு நேரே கேட்கிறாள். “இந்த ஃபங்ஷன் தோத்தா என்ன ஆகும்?” “இது எப்பவும் எண்தான் தரும்னு எப்படித் தெரியும்?” இருபத்தேழு இடம் காட்டினாள். ஒன்பது இடத்தில் எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு இடத்தில் மட்டும், “இது நல்லா எழுதியிருக்கீங்க” என்றாள்.

ஏழு வருடமாக இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் எழுதியதை இன்னொருவர் உட்கார்ந்து படிப்பது இதுதான் முதல் தடவை. இதைத்தான் தண்டனை என்று கொடுத்திருக்கிறார்கள்.

மே 13, செவ்வாய்

திரையில் ஒரு மாற்றம். பதில் வராவிட்டால் இனி எண்ணே காட்டாது. ‘தெரியவில்லை. டயலைப் பாருங்கள்’ என்று சிவப்பில் வரும். கோட்டுக்காரரிடம் விளக்கப் போனேன். கேட்டுக்கொண்டார். ஆனால் மணிக்கு ஒரு தடவை அவர் உள்ளே போய் டயலைப் பார்த்துத்தான் எழுதுகிறார். முழங்காலில் பட்டை கட்டியிருக்கிறார். சொல்ல எனக்கு என்ன உரிமை?

மே 18, ஞாயிறு

அக்கா. பதினெட்டு நிமிடம். அடுத்த மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறாளாம். இந்த ஒற்றை அறையில் எங்கே படுக்க வைப்பது என்றேன். “தரையில்லையா உங்க ஊர்ல?” என்றாள்.

மே 27, செவ்வாய்

மதியம் என் டப்பாவை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போகலாமா என்று நினைத்தேன். கதவுவரை போனேன். அவர்கள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் போனால் சிரிப்பு நிற்கும். திரும்பிவிட்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

பதினொன்றரை மணிக்கு உள்தொலைபேசி அடித்தது.

“கம்ப்யூட்டரம்மா, திரையில தெரியவில்லைன்னு வருது.”

இரண்டு மாதத்துக்கு மேலாகிவிட்டது இந்தக் குரலைத் தொலைபேசியில் கேட்டு. லாக்கைத் திறக்கக் கை போனது. எடுத்துவிட்டேன்.

“டயல்ல எவ்வளவு இருக்குண்ணா?”

“அஞ்சு. இப்பத்தான் பாத்துட்டு வர்றேன். கம்ப்ரஸர் சத்தமும் சரியாத்தான் இருக்கு. எனக்கென்னவோ ஒயருன்னு தோணுது.”

“அப்ப ஒயராத்தான் இருக்கும். வர்றேன்” என்றேன்.

உபரிக் கோட்டு ஒன்றைக் கதவருகே எடுத்து வைத்திருந்தார். எனக்கு முழங்கால்வரை வந்தது. உள்ளே அலமாரிகளுக்குப் பின்னால் குனிந்து பார்த்தால் ஒயர் அட்டைப்பெட்டிக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. பெட்டியை நான் தூக்கினேன், அவர் விளக்கைப் பிடித்தார். புது ஒயர் போட்டு வெளியே வர நாற்பது நிமிடம் ஆனது. இந்தப் பக்கம் பிடிங்க, அங்க இல்ல, கொஞ்சம் மேல – இவ்வளவுதான் பேச்சு. விரல்கள் விறைத்துப் பேனா பிடிக்க வரவில்லை எனக்கு. அவருக்கு வந்தது. பதிவேட்டில் நேரம் எழுதி, டயல் 5.0, திரை 5.1 என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். கையெழுத்துப் போட்டுவிட்டு, பதிவேட்டை என் பக்கம் திருப்பினார்.

கோணல்மாணலாக நானும் போட்டேன்.